நுனி எங்கே நிற்கிறது? கழுத்து நாளத்துக்குள் போகும் குழாயின் கதை



சற்று நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். வீட்டில் சிறுநீரக நோயாளர் இருப்பவர்கள் இன்றைக்கே வாசித்தால் நல்லது.

சில வாரங்களாக எமது பகுதியில் ஒரு பேச்சு அடிபடுகிறது. "கழுத்துல குத்தின ட்யூப் பிழைச்சுப் போச்சாம்" என்று பள்ளிவாசல் வாசலிலும் கடையிலும் பஸ்ஸிலும் பேசிக்கொள்கிறார்கள். எந்த வைத்தியசாலை, யார் நோயாளி என்பது இந்தப் பதிவுக்குத் தேவையில்லை. ஆனால் அந்தப் பேச்சோடு சேர்ந்து இரண்டு தீர்ப்புகளும் வழங்கப்பட்டுவிட்டன. ஒன்று, "டொக்டர் நரம்ப வெட்டிட்டார்." மற்றது, "கழுத்துல குத்த விட்டா ஆள் திரும்பி வராது." முதலாவது ஒருவருடைய பெயரைக் கெடுக்கும். இரண்டாவது ஆளையே கொன்றுவிடும். ஏனெனில் அவசரமாக டயாலிசிஸ் தேவைப்படும் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வந்தால் அவருக்கு மிஞ்சுவது சில நாட்கள்தான்.

நாம் வைத்தியர்கள் அல்ல. பிள்ளைகளுக்கு குருதிச் சுற்றோட்டம் படிப்பிப்பவர்கள். ஆனால் இந்தக் குழாய்க்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அது எப்படி உள்ளே போனது, எப்படியெல்லாம் வழி தவறியது, வழி தவறியபோது என்ன செய்வது என்பதை மனிதர்கள் எப்படிக் கற்றுக்கொண்டார்கள் என்பது தெரிந்தால், அடுத்த முறை எமது வீட்டில் ஒருவருக்கு இது வரும்போது கேட்க வேண்டிய கேள்வியையாவது சரியாகக் கேட்போம்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். எமது ஊரில் எல்லாமே நரம்புதான். ஊசி போடுவதும் நரம்பில், வாதம் வருவதும் நரம்பில். குர்ஆனின் காஃப் அத்தியாயத்தில் வரும் "ஹப்லுல் வரீத்" என்பதைக்கூட எமது மொழிபெயர்ப்புகள் பிடரி நரம்பு என்றே எழுதுகின்றன. பாடப் புத்தகத்தில் நரம்பு என்பது மூளையின் செய்தியைக் கொண்டுபோவது. குருதி ஓடுவது நாடியிலும் நாளத்திலும். இதயத்திலிருந்து குருதியை வெளியே கொண்டுபோவது நாடி, இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது நாளம். தமிழ்நாட்டில் இவற்றைத் தமனி, சிரை என்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பரீட்சைக்காக மட்டுமல்ல. நாடியில் அழுத்தம் 120க்கு 80 என்ற அளவில் இருக்கும். இதயத்துக்கு அருகிலுள்ள பெருநாளத்தில் அதே அளவுகோலில் பத்தைக்கூட எட்டாது. ஒன்று மோட்டர் பூட்டிய குழாய், மற்றது வாய்க்கால். பிழை நடக்கும்போது வாய்க்காலில் நடந்ததா, மோட்டர்க் குழாயில் நடந்ததா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

மைய நாளக் குழாய் என்பது கழுத்து நாளம், காறை எலும்புக்குக் கீழுள்ள நாளம், அல்லது தொடையடி நாளம் வழியாகப் பெருநாளத்துக்குள் செலுத்தப்படும் மெல்லிய குழாய். வலது கழுத்தில் என்றால் வளர்ந்தவருக்கு ஏறக்குறைய 15 சென்றிமீற்றர் உள்ளே போகும். நுனி இதயத்தின் வாசலுக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். கையில் போடும் சாதாரண கெனுலா தாங்காத கடுமையான மருந்துகளை இதன் வழியாகக் கொடுக்கலாம். டயாலிசிஸ் இயந்திரத்துக்குக் குருதியை எடுத்துத் திருப்பியும் விடலாம்.

குருதி எங்கிருந்து எங்கே போகிறது என்பதைச் சரியாகச் சொல்லவே மனித குலத்துக்கு நெடுங்காலம் எடுத்தது. இதயத்தின் வலது அறைக்கும் இடது அறைக்கும் நடுவிலுள்ள சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, குருதி அதன் வழியே கசிகிறது என்று கிரேக்க வைத்தியர் கேலன் எழுதிவைத்தார். ஆயிரம் வருடங்களுக்கு மேல் அதுவே வேதவாக்கு. திமிஷ்கில் படித்துக் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு நபீஸ் 1242 அளவில், இப்னு ஸீனாவின் கானூன் நூலிலுள்ள உடற்கூற்றுப் பகுதிக்கு விரிவுரை எழுதும்போது அதை மறுத்தார். அந்தச் சுவர் கெட்டியானது, துளை கிடையாது, வலது பக்கக் குருதி சுவாசப்பைக்குப் போய்க் காற்றோடு கலந்து இடது பக்கத்துக்கு வருகிறது என்றார். அவர் எம்மைப் போலவே ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர், அந்தப் பிக்ஹைக் கற்பித்தவரும்கூட. 1288 இல் வபாத்தாகும்போது வீட்டையும் நூலகத்தையும் கெய்ரோ மன்ஸூரி வைத்தியசாலைக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார்.

அவருடைய விரிவுரையின் கையெழுத்துப் பிரதியொன்றை பேர்லின் நூலகத்தில் கண்டெடுத்து உலகுக்குச் சொன்னவர், ஜேர்மனியில் படித்துக்கொண்டிருந்த எகிப்திய மாணவர் முஹ்யித்தீன் அத்தத்தாவி. வருடம் 1924. பதுளைக்கு முதல் ரயில் வந்ததும் அதே வருடம்தான். இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. வகுப்பில் பிள்ளைகளுக்கு வருடம் நினைவிருக்க இப்படிச் சொல்வோம்.

முழுச் சுற்றோட்டத்தையும் 1628 இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி எழுதினார். அதற்குப் பிறகுதான் நாளத்துக்குள் எதையாவது செலுத்திப் பார்க்கலாம் என்ற எண்ணமே பலப்பட்டது. 1832 இல் ஸ்கொட்லாந்தில் தோமஸ் லட்டா என்ற வைத்தியர் கொலராவால் வற்றிப்போயிருந்த நோயாளிகளின் நாளத்தில் உப்புநீரைச் செலுத்தினார். சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். ஆனால் வைத்திய உலகம் அதைப் பல பத்தாண்டுகள் கைவிட்டுவிட்டது.

இந்த இடத்தில் எமது மலைநாட்டு ஞாபகம் வராமல் இருக்காது. லட்டாவின் பரிசோதனைக்குப் பிறகு வந்த பத்தாண்டுகளில்தான் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து கண்டிக்கும் ஊவாவுக்கும் பிரிந்து போனார்கள். வழியில் அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது கொலரா. உப்பும் நீரும் நாளத்துக்குள் போனால் பிழைத்திருக்கக்கூடிய மரணங்கள் அவை. தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென்று ஒரு கட்டளைச் சட்டம் வந்தது 1872 இல்தான். அதன் பிறகும் தோட்டத்து வைத்தியம் என்றால் நீண்ட காலம் ஒரு டிஸ்பென்சரி, ஒரு மருந்துக்கார ஐயா, ஒரு கலவை மருந்துப் போத்தல். லயத்திலிருந்து நோயாளியைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு பாதைக்கு வருவதுதான் அம்புலன்ஸ். நாமே கேட்டு வளர்ந்த கதைகள் இவை, அதனால் நீட்டவில்லை.

இனி அந்தக் குழாய்க்கு வருவோம்.

1929 கோடை. பேர்லினுக்கு வடகிழக்கே எபர்ஸ்வால்ட என்ற சிறு நகரம். அங்குள்ள வைத்தியசாலையில் வேர்னர் போர்ஸ்மன் என்ற பயிற்சி வைத்தியர். 1904 இல் பிறந்தவர், அப்போது இருபத்தைந்தை நெருங்கும் வயது. இதயத்துக்கு நேராக மருந்து கொடுக்க வேண்டுமென்றால் நெஞ்சில் ஊசியைக் குத்துவதுதான் அன்றைய வழி. அதைவிடக் கை நாளம் வழியாக ஒரு குழாயை இதயம் வரை அனுப்பினால் என்ன என்று யோசித்தார். குதிரைக்கு இதைப் பிரெஞ்சு விஞ்ஞானி குளோட் பேர்னார்ட் 1844 இலேயே செய்திருந்தார். மனிதனுக்குச் செய்தால் செத்துவிடுவான் என்பது பொது நம்பிக்கை. மேலதிகாரி ஷ்னைடர் அனுமதி மறுத்தார்.

போர்ஸ்மன் கேட்கவில்லை. கருவிகள் இருந்த அலுமாரியின் சாவி தாதி கெர்டா டிட்சனிடம் இருந்தது. அவரோடு பேசிப் பேசி, அந்தப் பரிசோதனையைத் தன் மீதே செய்யச் சொல்லும் அளவுக்கு அவரை நம்பவைத்தார். அவரைச் சத்திரசிகிச்சை மேசையில் படுக்கவைத்துக் கட்டிவிட்டு, கட்டியவர் மறுபக்கம் திரும்பித் தன் சொந்தக் கையைக் கீறினார். முழங்கை மடிப்பிலுள்ள நாளத்தில், சிறுநீர்க் குழாய்க்குப் போடும் மெல்லிய இறப்பர்க் குழாயைச் செலுத்தினார். பிறகு கட்டை அவிழ்த்து, கோபத்திலிருந்த தாதியையும் அழைத்துக்கொண்டு, கையில் குழாய் தொங்கப் படியிறங்கி எக்ஸ்ரே அறைக்கு நடந்தார். தாதி கண்ணாடி பிடிக்க, திரையில் நுனியைப் பார்த்துப் பார்த்து 65 சென்றிமீற்றர் வரை உள்ளே தள்ளினார். நுனி இதயத்தின் வலது மேலறையில் நின்றது. படம் பிடித்தார்.

இந்தக் கதையை எல்லோரும் துணிச்சலுக்காகச் சொல்வார்கள். எமக்கு முக்கியமாகப் படுவது அந்தப் படிக்கட்டு. குழாய் உள்ளே போய்விட்டது, அவர் சாகவில்லை, வலியும் இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நுனி எங்கே நிற்கிறது என்று கண்ணால் காணும் வரை அவர் எதையும் நம்பவில்லை. அதாவது மைய நாளக் குழாய் பிறந்த அன்றே எக்ஸ்ரேயும் அதோடு சேர்ந்து பிறந்தது. இன்று ஏதாவது ஒரு வார்ட்டில் "படம் நாளைக்கு எடுக்கலாம்" என்று யாராவது சொன்னால், 1929 இல் அந்த இளைஞர் காட்டிய ஒழுங்கைவிடப் பின்னால் நிற்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

அவருக்குக் கிடைத்தது ஏளனம். பேர்லினில் பெரிய வைத்தியர் சவர்புரூக்கின் கீழ் போய்ச் சேர்ந்து, அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டார். 1932 இல் நாஸிக் கட்சியிலும் சேர்ந்தார். அதையும் மறைக்கக் கூடாது. தாதியை ஏமாற்றியதும் நாஸிகளோடு போனதும் அதே ஆள்தான். நியூயோர்க்கில் கூர்னாண்ட், ரிச்சர்ட்ஸ் என்ற இருவர் அவருடைய வழியைப் பின்பற்றி இதய நோய் ஆராய்ச்சியை வளர்த்தார்கள். 1956 இல் நோபல் பரிசு மூவருக்கும் பகிரப்பட்டபோது போர்ஸ்மன் ஒரு சிறிய ஜேர்மனிய ஊரில் சிறுநீரக நோய் வைத்தியராக இருந்தார்.

கையிலிருந்து இதயம் வரை அனுப்புவது நீண்ட பாதை. 1952 இல் அல்ஜியர்ஸில் பணியாற்றிய பிரெஞ்சு வைத்தியர் ரொபேர் ஒபானியாக், காறை எலும்புக்குக் கீழே ஊசியைச் செலுத்திப் பெருநாளத்தை நேராகப் பிடிக்கும் முறையை எழுதினார். கையிலுள்ள நாளங்களெல்லாம் சுருங்கிப்போன காயக்காரருக்கு அது உயிர் காத்த வழி. ஆனால் அந்த நாளத்துக்குப் பக்கத்திலேயே நாடி. அதற்குச் சற்றுக் கீழே சுவாசப்பையின் உச்சி. ஒரு விரல் அகலம் தவறினால் வேறு கதை.

அடுத்த வருடம், 1953 இல், சுவீடனில் ஸ்வென் இவார் செல்டிங்கர் என்ற எக்ஸ்ரே நிபுணர் ஒரு எளிய தந்திரத்தைக் கண்டுபிடித்தார். ஊசியைக் குத்து. ஊசிக்குள்ளால் மெல்லிய கம்பியை விடு. ஊசியை உருவு. கம்பி மேலால் குழாயைத் தள்ளு. கம்பியை உருவு. அவ்வளவுதான். இன்று உலகம் முழுவதும் இதே முறைதான். சின்ன ஊசித் துளை வழியே பெரிய குழாயை நுழைக்க முடிந்தது இதனால்தான். பிழை ஏன் பெரிதாகிறது என்பதும் இதனால்தான். ஊசி தவறி நாடிக்குள் போனால் அது ஊசித் துளை. அதைக் கவனிக்காமல் கம்பியும் பின் குழாயும் போய்விட்டால் அது பெரிய ஓட்டை. டயாலிசிஸ் குழாய் ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் தடிப்பு. அதுவும் பல இடங்களில் 120 அழுத்தமுள்ள குழாயில்.

வழி தவறுதல் ஒரே வகையல்ல. கழுத்தில் செலுத்திய குழாய் மற்றப் பக்க நாளத்துக்குள் திரும்பலாம். காறை எலும்புக்குக் கீழே செலுத்தியது இதயத்தை நோக்கிப் போகாமல் மேலே கழுத்துக்கு ஏறலாம். இவை படத்தில் தெரியும், பெரும்பாலும் குழாயைச் சரிசெய்தோ மாற்றியோ தீர்த்துவிடலாம். குழாய் அதிகம் உள்ளே போனால் நுனி இதயச் சுவரை உரசி, துடிப்பு குழம்பும். சில சென்றிமீற்றர் பின்னால் இழுத்தால் பல நேரம் அது அடங்கும். ஊசி சுவாசப்பையின் உறையைத் துளைத்துவிட்டால் காற்று நெஞ்சறைக்குள் புகுந்து சுவாசப்பை சுருங்கும். நோயாளிக்கு மூச்சு முட்டும். காற்று சிறிதானால் ஒட்சிசன் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெரிதானால் விலாவில் ஒரு குழாய் போட்டு, போத்தலிலுள்ள நீருக்கடியில் அதன் முனையை வைத்துக் காற்றை வெளியேற்றுவார்கள். வார்ட்டில் கட்டிலுக்கடியில் குமிழி விடும் போத்தலைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது பயங்கரமாகத் தெரியும். உண்மையில் அது பழைய, நம்பகமான வைத்தியம்.

இன்னொன்று, யாருடைய பிழையும் இல்லாதது. ஆயிரம் பேரில் மூன்று முதல் ஐந்து பேருக்குப் பிறவியிலேயே இடது பக்கத்தில் மேலதிகமாக ஒரு பெருநாளம் இருக்கும். வாழ்நாள் முழுவதும் அவருக்கே தெரியாது. அவருடைய இடது கழுத்தில் குழாய் போட்டால் படத்தில் அது இடது நெஞ்சு வழியே நேராகக் கீழே இறங்கும். பார்ப்பவர் நாடிக்குள் போய்விட்டது என்று பதறுவார். குழாயோ நாளத்துக்குள்தான் நிற்கும். அல்லாஹ் படைத்த பாதை அப்படி.

இனி எமது ஊரில் பேசப்பட்ட அந்தப் பிழை. நாடிக்குள் போவது.

இது எப்படித் தெரிய வரும்? கடும் சிவப்பில் துடித்துத் துடித்துப் பாய்ந்தால் நாடி, இருண்ட நிறத்தில் மெதுவாக வந்தால் நாளம் என்று பாடத்தில் சொல்வோம். ஆனால் அழுத்தம் விழுந்து ஒட்சிசன் குறைந்து சாகக் கிடக்கும் ஒருவரில் நாடிக் குருதியும் இருண்டு மெதுவாக வரும். அப்படிப்பட்டவருக்குத்தான் பெரும்பாலும் இந்தக் குழாயே தேவைப்படுகிறது! ஆகவே நிறத்தை மட்டும் நம்ப முடியாது. பெரிய குழாயைத் தள்ளுவதற்கு முன்பே அழுத்தத்தை அளப்பது, ஸ்கேனில் கம்பி எந்தக் குழாயில் நிற்கிறது என்று பார்ப்பது, குருதியின் வாயு அளவைப் பரிசோதிப்பது என்று வழிமுறைகள் வளர்ந்தன.

ஊசி மட்டும் நாடிக்குள் போயிருந்தால் உருவி, சில நிமிடங்கள் அழுத்திப் பிடித்தால் போதும். பெரும்பாலும் அதோடு முடியும். பெரிய குழாயே போய்விட்டால்? மனிதக் கை உடனே செய்ய நினைப்பது ஒன்றுதான்: உருவு, அழுத்து. பல வருடங்கள் அதைத்தான் செய்தார்கள். அது பிழை என்று அனுபவம் காட்டியது. காறை எலும்புக்குப் பின்னாலுள்ள நாடியை வெளியிலிருந்து அழுத்தவே முடியாது, எலும்பு தடுக்கும். கழுத்து நாடியை நெடுநேரம் அழுத்தினால் மூளைக்குப் போகும் குருதி நிற்கும். அழுத்தாவிட்டால் கழுத்துக்குள்ளே குருதி பெருகி மூச்சுக்குழாயை நெரிக்கும். குழாயின் சுவரில் ஒட்டியிருந்த குருதிக் கட்டி உருவும்போது கழன்று மூளைக்குப் போய் வாதம் வரலாம்.

2008 இல் கனடாவின் மொன்றியல் வைத்தியர்கள் தாம் கண்ட நோயாளிகளையும் அதுவரை வெளிவந்த அறிக்கைகளையும் சேர்த்துப் பார்த்து எழுதினார்கள். உடனே உருவி அழுத்தப்பட்டவர்களிடையே வாதமும் குருதிப்பெருக்கும் போன்ற பாரதூரமான சிக்கல்கள். குழாயை இருந்த இடத்திலேயே விட்டுவைத்து, நாடிச் சத்திரசிகிச்சை நிபுணரை அழைத்து, திறந்து தைத்தோ உள்ளிருந்தே அடைத்தோ எடுத்தவர்களுக்கு நிலைமை மிக நன்றாக இருந்தது. இப்போது மயக்க மருந்து வைத்தியர்களின் வழிகாட்டல்களும் அதையே சொல்கின்றன: நாடிக்குள் பெரிய குழாய் போய்விட்டால் கைவைக்காதே, விட்டுவை, நிபுணரைக் கூப்பிடு.

யோசித்துப் பாருங்கள். பிழையாகப் போன குழாய்தான் அந்த நேரத்தில் ஓட்டையை அடைத்து வைத்திருக்கும் தக்கை. இது தெரியாத உறவினர் கட்டிலருகே நின்று "பிழையாப் போட்டீங்கதானே, கழட்டுங்க இப்பவே!" என்று சத்தம் போடுவதை நாம் அறிவோம். எமது ஊரில் இப்படிச் சத்தம் போடுவது தைரியம் என்று நினைக்கிறோம். அந்தச் சத்தத்துக்குப் பயந்து ஓர் இளம் வைத்தியர் உருவிவிட்டால் என்ன நடக்கும் என்று இப்போது உங்களுக்கே விளங்கும்.

அதேவேளை வைத்தியர்களையும் முழுதாக விடுவிப்பதற்கில்லை. கழுத்தை விரலால் தடவி, தசைகளுக்கிடையில் அடையாளம் பார்த்துக் குத்துவது ஒரு காலத்தில் ஒரே வழி. 1980களிலேயே ஸ்கேன் மூலம் நாளத்தைக் கண்டு குத்தும் முறை வந்துவிட்டது. 2002 இல் பிரித்தானியாவின் தேசிய வழிகாட்டல் நிறுவனம் கழுத்து நாளத்துக்கு ஸ்கேன் பார்த்துக் குத்துவதையே முதலில் தெரிவு செய்யச் சொன்னது. திரையில் நாடி துடிக்கும், நாளம் மெல்ல அழுத்தியதும் தட்டையாகும். இது பிழையை முற்றாக ஒழிக்கவில்லை, ஊசியின் நுனி நாளத்தைத் துளைத்துப் பின்னால் போகலாம். ஆனாலும் பெரிய அளவில் குறைத்தது. இயந்திரம் இருந்தும் அலுமாரியில் பூட்டி வைத்துவிட்டுக் கைத்தடவலில் குத்தினால் அதற்குக் கேள்வி கேட்பது நியாயமே. கேட்கும் தொனி வேறு விடயம்.

இது எமக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? ஊவாவில் இந்தக் குழாய் அதிகம் போடப்படும் சந்தர்ப்பங்களில் ஒன்று சிறுநீரகம். மஹியங்கனைப் பக்கம் கிராந்துருகோட்டையில் விவசாயக் குடும்பங்களைப் பிடித்திருக்கும் அந்தச் சிறுநீரக நோயின் காரணம் இன்றும் முடிவாக நிறுவப்படவில்லை. வடமத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்த அதே நோய். தோட்டங்களிலும் எமது நகரங்களிலும் சீனி வியாதியும் பிரஷரும் அதே இடத்துக்குத்தான் கொண்டுபோய் விடுகின்றன. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கத்திலிருந்து ஒருவர் கிளினிக்குக்கு வருவதென்றால் ஒரு நாள் பெயர் போய்விடும். அதனால் வருத்தம் முற்றி, கால் வீங்கி, மூச்சு முட்டிய பிறகு வருகிறார்கள். அப்போது அன்றிரவே டயாலிசிஸ். அன்றிரவே என்றால் கழுத்துக் குழாய்தான்.

டயாலிசிஸின் சரித்திரமே "எந்த வழியால் குருதியை எடுப்பது" என்ற சரித்திரம்தான். 1943 இல் நெதர்லாந்தில், ஜேர்மனியரின் ஆக்கிரமிப்பின் கீழ், வில்லெம் கொல்ஃப் முதல் இயந்திரத்தை இயக்கினார். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு நாடியையும் நாளத்தையும் வெட்ட வேண்டியிருந்தது. வெட்ட இடம் தீர்ந்தால் வைத்தியமும் தீர்ந்தது. 1960 இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஸ்கிரிப்னர், கையில் நிரந்தரமாகப் பொருத்தும் டெஃப்லோன் குழாயைக் கொண்டுவந்தார். முதல் நோயாளி அதன் பின் பத்து வருடங்களுக்கு மேல் வாழ்ந்தார். 1961 இல் லண்டனில் ஷால்டன், செல்டிங்கரின் கம்பித் தந்திரத்தைப் பயன்படுத்தித் தொடை வழியாகக் குழாய் போட்டார். கழுத்துக் குழாய்க்கு அது மூத்த நானா. 1966 இல் நியூயோர்க்கில் பிரெஷியா, சிமினோ குழுவினர் வெளியில் குழாயே இல்லாமல், மணிக்கட்டில் நாடியையும் நாளத்தையும் தைத்து இணைக்கும் முறையை வெளியிட்டார்கள். எமது ஊரில் "கையில பிஸ்டியூலா போட்டிருக்கு" என்பது அதுதான்.

இன்று வரை டயாலிசிஸுக்கு அதுவே பொதுவாகச் சிறந்த வழி. கிருமித் தொற்றும் குறைவு. ஆனால் செய்த பிறகு முற்றிப் பயன்படுத்த ஆறு வாரமோ அதற்கு மேலோ வேண்டும். அந்த ஆறு வாரம் முந்தி வருபவருக்குக் கிடைக்கும், பிந்தி வருபவருக்குக் கிடைக்காது. கழுத்துக் குழாயைப் பயந்து ஓடி ஒளிபவர்தான் கடைசியில் கழுத்துக் குழாயோடு கட்டிலில் கிடக்கிறார். கிளினிக்கில் "கையில ஒரு சின்ன ஒப்பரேசன்" என்று சொன்னால் நோன்பு கழியட்டும், பெருநாள் கழியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். பிஸ்டியூலாவுக்கென்று தெரிவு செய்த கையில் ஊசி போட, குருதி எடுக்க, பிரஷர் பார்க்க விடாதீர்கள். இதை நோயாளியே நினைவுபடுத்த வேண்டியிருக்கும்.

எமது நாட்டில் முதல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை 1985 இல் நடந்தது. அதில் முன்னின்றவர்கள் சத்திரசிகிச்சைப் பேராசிரியர் ஏ. எச். ஷெரிஃப்டீனும் சிறுநீரக வைத்தியப் பேராசிரியர் ரெஸ்வி ஷெரிஃபும். எமது சமூகத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது, கிரிக்கெட் பெயர்கள் தெரியும். சிறுநீரகத்தை மாற்றுவது என்றால் நாடியோடு நாடியையும் நாளத்தோடு நாளத்தையும் தைப்பது. நாடிக்குள் போன குழாயை எடுக்கத் தேவைப்படுவதும் அதே கைப்பழக்கம்தான். அப்படிப்பட்ட நிபுணர் ஒவ்வொரு ஊரிலும் இருக்க மாட்டார். பதுளையிலிருந்து கொழும்புக்கு ரயில் பாதை ஏறக்குறைய 290 கிலோமீற்றர், வீதியில் அதைவிடக் குறைவு, ஆனால் எல்லாம் வளைவு. மழைக்காலத்தில் மண்சரிவு விழுந்தால் அதுவும் இல்லை. ஆகவே குழாயை விட்டுவைத்து, அசையாமல் கட்டி, அதனால் எந்த மருந்தும் ஏற்றாமல், பெரிய வைத்தியசாலைக்கு மாற்றுவது என்று ஒரு வைத்தியர் முடிவெடுத்தால் அதை "கைவிட்டுட்டாங்க" என்று வாசிக்காதீர்கள்.

மொழியையும் சொல்லியே ஆக வேண்டும். தோட்டத்திலிருந்து வரும் ஓர் அம்மாவிடம் சிங்களத்தில் ஒரு படிவம் நீட்டப்படுகிறது. "கையெழுத்துப் போடுங்க, கழுத்துல ட்யூப் போடணும்" என்பதுதான் அவருக்குக் கிடைக்கும் முழு விளக்கமும். எம்மில் பலர் பக்கத்துக் கட்டிலில் நம் உம்மாவைப் பார்க்கப் போய், முன்பின் தெரியாத ஒருவருக்கு மொழிபெயர்த்துவிட்டு வந்திருக்கிறோம். என்ன சிக்கல் வரலாம், வந்தால் என்ன செய்வார்கள் என்று முன்கூட்டியே தன் மொழியில் கேட்டவர், சிக்கல் வந்தபோது சதி என்று நினைக்க மாட்டார். கேட்காதவர் நினைப்பார். அவரைக் குறைசொல்ல முடியாது.

முடியாத காரியமுமல்ல. 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். உடற்கூறு, இரணவைத்தியம் என்று பெரிய பெரிய நூல்களைத் தமிழில் ஆக்கினார். 1873 இல் அவர் நாடு திரும்பும்போது தமிழில் படித்த வைத்தியர்கள் இந்த மண்ணில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு ஒரு வெள்ளைக்காரர் நாடி, நாளம் என்று தமிழில் விளக்கியிருக்கிறார் என்றால், ஒரு பக்கச் சம்மதப் படிவத்தை இன்று தமிழில் விளக்குவது பெரிய காரியமா?

ஆகவே, வீட்டில் ஒருவருக்கு இந்தக் குழாய் போடப்போகிறார்கள் என்றால் மரியாதையாக மூன்றைக் கேளுங்கள். ஸ்கேன் பார்த்துப் போடுவீர்களா டொக்டர்? போட்ட பிறகு நுனி எங்கே நிற்கிறது என்று படம் எடுத்துப் பார்த்தாச்சா? இன்னும் எத்தனை நாளைக்கு இது தேவை? மூன்றாவதை ஒவ்வொரு நாளும் கேட்கலாம். தேவையில்லாமல் ஒரு நாள் அதிகம் இருந்தாலும் கிருமிக்கு ஒரு நாள் அதிகம். போட்ட பிறகு நோயாளிக்கு மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால், கழுத்து வீங்கினால், ஒரு பக்கக் கை கால் சோர்ந்தால், காத்திருக்காமல் தாதியிடம் சொல்லுங்கள்.

குழாயோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் என்றால், மூடியைத் திறக்கக் கூடாது, கிளிப்பைக் கழற்றக் கூடாது, நனைக்கக் கூடாது. வுழூவின்போது அந்த இடத்தில் நீர் படாமல் எப்படிச் செய்வது என்று உங்கள் மௌலவியிடம் கேளுங்கள், மார்க்கத்தில் நோயாளிக்குச் சலுகை இருக்கிறது. குளிரும் காய்ச்சலும் வந்தால், அதுவும் டயாலிசிஸ் முடிந்த அன்று வந்தால், பனடோல் போட்டுப் படுக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். குழாய் தற்செயலாகக் கழன்று விழுந்தால் ஆளை உட்கார வைக்காதீர்கள். உட்கார்ந்தால் திறந்த நாளம் காற்றை உள்ளே இழுக்கும். தலையணை இல்லாமல் படுக்கவைத்து, சுத்தமான துணியால் அந்த இடத்தை விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு 1990க்கு அழையுங்கள். பாதி கழன்று தொங்கினால் அதைத் திரும்ப உள்ளே தள்ளவும் வேண்டாம், வெளியே இழுக்கவும் வேண்டாம். அப்படியே பிளாஸ்டர் ஒட்டி அசையாமல் வைத்துக் கொண்டுபோங்கள்.